சிவப்பு மையில் ஒரு தேதி

டெலிபோன் அலறியது.

புதன்கிழமை. காலை ஒன்பது ஐம்பது. காவல் நிலையத்தில் ஏட்டு அப்போதுதான் டீ கிளாஸை வாயருகே கொண்டு போயிருந்தார். கிளாஸை வேண்டாவெறுப்பாக மேஜையில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... ஸ்டேஷன்."

"சுகாதார நிலையத்துலேர்ந்து டாக்டர் பேசறேன். எங்க பார்மசிஸ்ட் உடம்புல விஷம் போயிருக்கு. யாரோ குடுத்திருக்காங்கன்னு நினைக்கிறேன். உடனே வாங்க."

"உயிர் இருக்கா சார்?"

"இப்போதைக்கு இருக்கு."

டொக்.

ஏட்டு டீயைப் பார்த்தார். டீ ஏட்டைப் பார்த்தது. அதற்குள் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டிருந்தாள்.

எட்டு கிலோமீட்டர். இருபுறமும் வயல். வழியெல்லாம் பயிருக்கு மருந்தடிக்கும் வாடை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்பது பிரஷர் நாள். வராந்தாவின் நீள பெஞ்சில் நாற்பது பேர் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னல் இன்னும் சாத்தியே இருந்தது. திறக்க ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் அந்த பெஞ்சைத் தாண்டிப் போக இருபது விநாடி ஆனது. அந்த இருபது விநாடியில் கேஸின் பாதி அவள் காதில் விழுந்துவிட்டது. பார்மசிஸ்ட்டின் மனைவிதான் இங்கே நர்ஸ். நர்ஸும் டாக்டரும் செவ்வாய்க்கிழமை தோறும் மத்தியானம் ஒரே பைக்கில் எங்கோ போகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார்கள். இதை ஊர் கண், காது, மூக்கு வைத்து ஆறு மாதமாக மென்றுகொண்டிருக்கிறது.

"இந்த மாதிரி கேஸ்ல நமக்கு வேலையே இல்ல மேடம்," என்று ஏட்டு முணுமுணுத்தார். "புருஷன் படுக்கையில. பொண்டாட்டி பக்கத்துல. டாக்டர் அதுக்கும் பக்கத்துல. விலங்கு ரெண்டு எடுத்துட்டு வரவா?"

"முதல்ல ரூமைப் பார்ப்போம், ஏட்டு."

மருந்து அறை.

அப்படி ஒரு ஒழுங்கை இன்ஸ்பெக்டர் தன் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. ரேக் ரேக்காக டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் நெற்றியிலும் சிவப்பு மையில் ஒரு தேதி. காலாவதி ஆகும் தேதி. முன்வரிசையில் அடுத்த மாதம் முடியும் மருந்து. பின்வரிசையில் அடுத்த வருடம் முடிவது. சுவரில் ஒரு அட்டை: 'முதலில் முடிவது முதலில் போகும். மாற்றி எடுத்தால் நான் மனிதனாக இருக்கமாட்டேன்.'

ஊரில் அவருக்கு 'தேதி' என்றே பெயர். பிறந்த நாள் மறந்தாலும் மாத்திரை சாகும் நாள் மறக்காத மனிதர்.

நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. தரையில் ஒரு தம்ளர். சிந்திய தண்ணீர். ஜன்னலோரத்தில் 'பிரஷர்' என்று எழுதிய பெரிய கண்ணாடி ஜாடி, மூடி திறந்தபடி. அடியில் ஒரு கை அளவு மாத்திரைகள்.

"இதே மாத்திரைதான் மேடம் எனக்கும்," என்றார் ஏட்டு ஏக்கத்துடன். "பத்து நாளா இல்ல இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாரு இந்த ஆளு. போலீஸ்காரருக்குக் கடையில வாங்க வசதி இருக்காம். உள்ள பாருங்க, ஜாடியில இருக்கு!"

"எதையும் தொடாதீங்க."

"தொடுவேனா மேடம்?"

தொட்டார். இன்ஸ்பெக்டர் குனிந்து தம்ளரைக் கைக்குட்டையால் எடுத்த நேரத்தில், ஜாடியின் மேலாக இருந்த ஒரு மாத்திரை ஏட்டின் சட்டைப் பைக்குக் குடிபெயர்ந்தது.

மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. இன்ஸ்பெக்டர் பிரித்தாள். அதே சிவப்பு மை. ஆனால் உள்ளே இருந்தது மருந்துக் கணக்கு அல்ல.

'செவ்வாய். 1.10. அவள் அவன் பைக்கில். கையில் பச்சைப் பை. 3.30க்குத் திரும்பினாள். சிரித்த முகம்.'

'செவ்வாய். 1.05. மறுபடியும். இன்று அவன் சென்ட் போட்டிருந்தான். டெட்டால் வாடையையும் மீறி அடித்தது.'

'பின்வரிசையில் சர்க்கரை மாத்திரை இரண்டு டப்பா குறைகிறது. என் ரேக்கில் கை வைக்க யாருக்குத் துணிச்சல்? அவளுக்குத்தான். யாருக்காக? அவனுக்காகத்தான்.'

'வீட்டில் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை.'

பக்கம் பக்கமாக இப்படியே. மனிதர் மருந்துக்குத் தேதி போடுவது போலவே தன் வயிற்றெரிச்சலுக்கும் தேதி போட்டு வைத்திருந்தார். மனைவியை எடுத்துக்கொண்டு போனானா, மாத்திரையை எடுத்துக்கொண்டு போனானா, எது அவருக்கு அதிகம் வலித்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

கடைசி வரி நேற்று எழுதியது. ஒரே வரி.

'நாளை முதல் நிம்மதி.'

ஏட்டு எட்டிப் பார்த்தார். "தற்கொலையா மேடம்? மனசு நொந்து தானே சாப்பிட்டாரோ?"

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த தாளைக் காட்டினாள். அடுத்த மாதம் வாங்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். பதினேழாவது வரியில் பாதியில் நின்றிருந்தது.

"சாகப் போறவன் அடுத்த மாசத்துக்கு இருமல் மருந்து கேட்டு எழுதுவானா?"

ஏட்டு குனிந்து பதினேழாவது வரியைப் படித்தார்.

அடுத்த அறையில் ஒரு இரும்புக் கட்டில். 'தேதி' அதில் கிடந்தார். வாயோரத்தில் நுரை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தலைமாட்டில் டாக்டர். முப்பத்தொரு வயது. ஆறடி. பார்க்க நன்றாகவே இருந்தான். அதுதான் அவன் செய்த ஒரே குற்றமாகவும் இருக்கலாம்.

மறுபக்கம் நர்ஸ். முப்பத்தைந்து வயது. அழவில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்தை ஊசியில் இழுத்து, கணவன் கையில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

விஷயத்தை டாக்டர் சுருக்கமாகச் சொன்னான். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து. கண்மணி சுருங்கியிருப்பதையும் வாடையையும் வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவு. ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும். முதலில் குப்பி குப்பியாக மொத்தமாக ஏற்றியாகிவிட்டது; இனி அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டாக வேண்டும். நிறுத்தினால் ஆள் போய்விடுவார்.

"என்ன ஊசி?"

"அட்ரோபின். இந்த விஷத்துக்கு மாத்து மருந்து."

"தம்ளர்ல தண்ணி வச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் நர்ஸ். "தினமும் நான்தான் வைப்பேன்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள். டிரேயில் கிடந்த உடைந்த குப்பிகளை எண்ணினாள். பதினெட்டு. பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் இன்னும் நாற்பதுக்குக் குறையாமல் முழுக் குப்பிகள்.

ஏதோ நெருடியது.

விடுவிடுவென்று மருந்து அறைக்குப் போனாள். இருப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். அட்ரோபின்... அட்ரோபின்... இதோ. சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு: 'இருப்பு: இல்லை.' தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு ஒரு குப்பிகூட வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

இருப்புப் புத்தகத்தோடும் இழுப்பறை நோட்டோடும் திரும்பி வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டர். இந்த மருந்து ரெண்டு மாசமா இந்தக் கட்டடத்துலயே கிடையாது. உங்க வீட்டுக்காரரே எழுதி வச்சிருக்காரு. இன்னிக்கு அவர் வயித்துக்கு விஷம் போகுது. அதே நாள் மாத்து மருந்து பெட்டியோட ரெடியா இருக்கு. எப்படி?"

நர்ஸ் கணவனின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் சொல்லவா? விஷம் வரப்போகுதுன்னு இங்க யாருக்கோ முன்கூட்டியே தெரியும். ஊருக்கு முன்னாடி ஊசி போட்டு நாடகம். பாவம், எவ்வளவோ போராடினாங்கன்னு நாளைக்கு எல்லாரும் சொல்வாங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது.

"செவ்வாய்க்கிழமை எங்க போறீங்க சிஸ்டர்? பச்சைப் பையில என்ன?"

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த குப்பியை உடைத்தாள்.

"ஊசியைக் கீழ வைங்க."

"வச்சா அவர் செத்துடுவாரு மேடம்."

"சரி, போடுங்க. இது ஒண்ணு மட்டும் போடுங்க. அடுத்த ஊசிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள பதில் வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் ஜீப்ல ஏறணும்."

"நாங்க ஏறினா இவருக்கு யாரு ஊசி போடறது?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

கொடுமையான பேரம். அது இன்ஸ்பெக்டருக்கே தெரிந்தது. ஆனால் கொலைகாரி கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு வாசலில் காவல் நிற்பதும் அவளால் முடியாத காரியம்.

ஐந்து நிமிடம்.

நர்ஸ் ஊசியை ஏற்றினாள். கணவனின் முகத்தைத் துடைத்தாள். வாயைத் திறந்தால் மலைக்கு மேலே இருக்கும் ஒருத்திக்கு வேலை போகும். இரண்டு ஊருக்கு மருந்து இல்லாமல் போகும். வாயைத் திறக்காவிட்டால் இந்த மனிதர் போவார். பதினோரு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவளையே சந்தேகப்பட்டு நோட்டில் எழுதிய மனிதர். அந்த நோட்டு இன்ஸ்பெக்டரின் கக்கத்தில் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். பிரிந்திருந்த பக்கத்தின் சிவப்பு வரிகளையும் படித்துவிட்டாள்.

நான்கு நிமிடம்.

"சொல்லிடுங்க சிஸ்டர்," என்றான் டாக்டர். "வர்றது வரட்டும்."

"உங்களுக்கென்ன டாக்டர், மாத்தல் ஆர்டர் வந்தா வேற ஊருக்குப் போயிடுவீங்க. மேல இருக்கிற அந்தப் பொண்ணு?"

"அவளும் இதையேதான் சொல்லுவா."

மூன்று நிமிடம். நர்ஸ் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மருந்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மேடம் பணம் ஒதுக்குவாங்க. போன வருஷம் எந்த மருந்து எவ்வளவு தீர்ந்துச்சோ, அதை வச்சுத்தான் இந்த வருஷப் பங்கு. மிச்சம் இருக்குன்னு எழுதினா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. அதனால எந்த ஊர்லயும் மிச்சம்னு எழுத மாட்டாங்க. ஒளிச்சு வைப்பாங்க. ரேக்லயே காலாவதி ஆகும். பக்கத்து ஊருக்குக் கடனா குடுக்கவும் சட்டம் கிடையாது."

"அதுக்கு?"

"மலை மேல ஒரு சுகாதார நிலையம் இருக்கு. அங்க வயலே கிடையாது, பூச்சிமருந்து அடிக்கிற வேலையும் கிடையாது. ஆனா பட்டியல்ல இருக்குன்னு அட்ரோபின் பெட்டி பெட்டியா போகுது. இங்க மாசத்துக்கு ரெண்டு மூணு விஷ கேஸ் வருது. எங்க பங்கு ஏழாவது மாசமே தீர்ந்துபோச்சு. போன மாசம் ஒரு பொண்ணு இதே கட்டில்ல..." நிறுத்தினாள். "இருபது வயசு. குப்பி ஒண்ணுகூட இல்லாம அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் மேடம். வேற ஒண்ணும் செய்ய முடியல."

இரண்டு நிமிடம்.

"மேல சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோச்சு. எங்ககிட்ட அது மிச்சம். அதான் அந்தப் பொண்ணு போனதுக்கு அப்புறம் செவ்வாய்க்கிழமை பையில சர்க்கரை மாத்திரை போகும், வர்றப்ப அட்ரோபின் வரும். நேத்து அறுபது வந்துச்சு. இவர்கிட்ட சொன்னா விடமாட்டாரு. அவர் ரேக்குலேர்ந்து ஒரு மாத்திரை கணக்கில்லாம போறதுக்கு அவர் உயிரே போகலாம்."

"அதான் போயிட்டிருக்கு," என்றாள் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் பழைய கூர்மை இல்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள். "சென்ட் யாருக்கு?"

டாக்டரின் வெளுத்த முகம் சிவந்தது. "மேல இருக்கிற சிஸ்டருக்கு. எங்களுக்கு அடுத்த மாசம் கல்யாணம் மேடம். துணைக்கு இவங்க வந்தாத்தான் அவங்க அப்பா உள்ள விடுவாரு."

ஐந்தாவது நிமிடம் முடிந்தது. யாரும் சொல்லாமலே நர்ஸ் அடுத்த ஊசியைப் போட்டாள். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை.

கதை நன்றாக இருந்தது. மலைக்கு ஒரு போன் செய்து பார்த்தாள். அறுபது குப்பி, நேற்று, பச்சைப் பை. பேச்சு மாறாமல் அதையே சொன்னாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அழுதாள்.

சரி. இவர்கள் இல்லை. அப்படியானால் விஷத்தை வைத்தது யார்?

"ஒன்பதரைக்கு அவர் என்ன சாப்பிட்டாரு?"

"பிரஷர் மாத்திரை," என்றாள் நர்ஸ். "ஜன்னலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. கடிகாரம் மாதிரி. இன்னிக்கும் போட்டுக்கிட்டாரு. பத்து நிமிஷத்துல விழுந்துட்டாரு."

"எந்த மாத்திரை? எங்கேர்ந்து?"

"ஜாடியிலேர்ந்துதான். எல்லாருக்கும் குடுக்கிறதுதான் அவருக்கும். அதுல மட்டும் அவரைக் குத்தம் சொல்ல முடியாது."

"ஜாடியில கடைசியா மாத்திரை போட்டது?"

"நான். நேத்து சாயங்காலம்."

இன்ஸ்பெக்டர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். "விவரமா சொல்லுங்க."

நர்ஸ் சொன்னாள். ஜாடியில் இருந்தவை முப்பதுக்குச் சற்று மேல். புதன்கிழமை வரப் போகிறவர்கள் நாற்பது; ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் போதாது. டாக்டருக்கும் பிரஷர் உண்டு, அப்பா வழிச் சொத்து. வாரத்துக்கு ஒரு கவரில் ஏழு மாத்திரை அவன் மேஜைக்குப் போகும். நேற்று மாலை ஆறு மணிக்கு, 'தேதி' வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, டாக்டர் பிரிக்காத கவரை நர்ஸிடம் நீட்டியிருக்கிறான். ஒரு வாரம் தனக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு வருகிற வயதானவர்களுக்கு ஆகட்டும் என்று. அவசரத்துக்காக மருந்து அறையின் இன்னொரு சாவி நர்ஸிடம் இருந்தது. திறந்து, ஏழையும் ஜாடியில் போட்டாள்.

"அடியில போட்டீங்களா? மேலயா?"

"மேல. கவர்ல அடுத்த மாசத் தேதி இருந்துச்சு. ஜாடியில இருந்தது அடுத்த வருஷத் தேதி. முதல்ல முடியறதுதானே மேடம் முதல்ல போகணும்? அவர் எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான்."

"அந்தக் கவர்?"

நர்ஸ் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதக் கவரை எடுத்தாள். நெற்றியில் சிவப்பு மையில் தேதி. கீழே அடிக்கோடு. இன்ஸ்பெக்டர் நோட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே மை. அதே கையெழுத்து. 'நாளை முதல் நிம்மதி.'

"டாக்டருக்கு இந்தக் கவரைக் கட்டிக் குடுத்தது...?"

கேள்வி முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான்.

நர்ஸ் முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள்.

"ஏழு," என்றாள் இன்ஸ்பெக்டர். "அவர் ஒண்ணு சாப்பிட்டார். மிச்சம் ஆறு..."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினாள்!

மருந்து அறையில் ஜாடி அப்படியே இருந்தது. மேலாக, லேசாக மஞ்சள் பாய்ந்த மாத்திரைகள். பேனாவால் தள்ளித் தள்ளி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஐந்துதான்.

மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

வராந்தாவில் நாற்பது பேர். யாருக்காவது கொடுத்தார்களா? ஜன்னல் திறக்கவே இல்லையே? யார் இந்த அறைக்குள் வந்தது? தான் வந்தோம். அப்புறம்...

"ஏட்டு!"

ஏட்டு வராந்தாவின் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றிருந்தார். இடது கையில் தண்ணீர். தலை வானத்தைப் பார்த்தபடி. வாய் திறந்தபடி. வலது கையிலிருந்து மாத்திரை நாக்குக்குப் புறப்பட்டுவிட்டது.

பதினைந்து வருட சர்வீஸில் இன்ஸ்பெக்டர் எந்த ஏட்டையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்று அடித்தாள். மாத்திரை பறந்துபோய் வாசல்படியில் விழுந்தது. தண்ணீர் மூன்று நோயாளிகளின் மேல் கொட்டியது.

"மேடம்... ஒரே ஒரு மாத்திரைதான் எடுத்தேன்... அதுக்காக அடிப்பாங்களா?"

"உக்காருங்க, ஏட்டு. உக்காந்து மூச்சு விடுங்க. விட முடியுதேன்னு சந்தோஷப்படுங்க."

நடந்தது இதுதான்.

நேற்று மூன்றரை மணிக்குப் பைக் திரும்பி வந்தபோது 'தேதி' ஜன்னலில் நின்றிருந்தார். மனைவி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு மணிக்கு ஏழு மாத்திரைகளை எடுத்து, வயல்காரர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தில் போட்டு ஊறவைத்து, காயவைத்தார். கவரில் கட்டினார். டாக்டரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் கொலை செய்யக்கூட நல்ல தேதி உள்ள மாத்திரையை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் சாகப் போகிற மாத்திரையாகப் பார்த்து எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், கை பழக்கத்தில் கவரின் மேல் அந்தத் தேதியையும் எழுதினார். சிவப்பு மையில். அடிக்கோடு போட்டு.

இன்று காலை ஒன்பதரைக்கு ஜாடியில் கையை விட்டார். மேலாக இருந்ததை எடுத்தார். அவர் எப்போதும் மேலாக இருப்பதைத்தான் எடுப்பார். மாத்திரை எந்த நிறத்தில் இருக்கிறது, என்ன வாடை அடிக்கிறது என்று பார்க்கவில்லை. அவர் கண் எதிரே இருந்த டாக்டரின் கதவில் இருந்தது. எப்போது விழுவான், எப்போது விழுவான் என்று பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

விழுந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினொன்றே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குச் சற்று முன்னால் 'தேதி' கண் திறந்தார். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. முதலில் தெரிந்தது டாக்டரின் முகம். உயிரோடு. தன் நாடியைப் பிடித்துக்கொண்டு.

அடுத்தது மனைவியின் முகம்.

பிறகு இன்ஸ்பெக்டர். அவள் கையில் கவர்.

மனிதருக்கு எல்லாம் புரிந்துபோனது. ஆனால் பழக்கம் யாரை விட்டது? கஷ்டப்பட்டு உதட்டை அசைத்தார்.

"ஜாடியில... யாரு போட்டது?"

"நான்தாங்க," என்றாள் நர்ஸ். "தேதி பார்த்து மேல போட்டேன்."

அவர் கண்ணை மூடினார். திறந்தார். அவள் கையில் இருந்த குப்பியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அட்ரோபின்... இல்லையே. ரெண்டு மாசமா இருப்பு இல்லையே."

"நேத்து வந்துச்சு."

"எதுல?"

"பச்சைப் பையில."

கண்ணோரத்தில் ஒரு துளி வந்து காதுப் பக்கம் இறங்கியது. நர்ஸ் அதைத் துடைக்கவில்லை. காலையிலிருந்து அவர் நுரையைத் துடைத்தாள், வேர்வையைத் துடைத்தாள். இதை மட்டும் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆறு மாசம் ஜன்னல் வழியா பார்த்தீங்களே," என்றாள். "ஒரு நாள் வந்து பையைத் திறந்து பார்த்திருக்கலாம்."

கடைசி ஊசியைப் போட்டுவிட்டு வெளியே போனாள். நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஜாடியை இன்ஸ்பெக்டர் சீல் வைத்துவிட்டாள். டாக்டர் ஏற்கெனவே மலைக்குப் போன் செய்திருந்தான். பிரஷர் மாத்திரை இரண்டு டப்பா, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

'தேதி'யை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கூடவே ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் எண்ண வேண்டிய தேதிகள் வேறு.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்து ரிப்போர்ட் எழுதினாள். விஷம் எங்கிருந்து வந்தது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். மாத்து மருந்து எங்கிருந்து வந்தது என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், யாரோ ஒருத்தி சர்க்கரை மாத்திரைக்காக மலை மேல் காத்திருப்பாள்.

'தக்க சமயத்தில் சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

வாசலில் டாக்டர் கையில் ஒரு கவரோடு வந்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏட்டிடம் நீட்டினான்.

"மலையிலேர்ந்து வந்துடுச்சு ஏட்டு. புதுசு. ரெண்டு வருஷத்துக்குத் தேதி இருக்கு. ஒரு மாத்திரை இப்பவே போட்டுக்கோங்க."

ஏட்டு கவரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"வேண்டாம் சார். பிரஷரோட பதினாலு வருஷமா குடித்தனம் பண்றேன்... அது ஒரு நாள்கூட என்னைச் சந்தேகப்பட்டதில்ல!"